ஹார்ட் டிஸ்க் விற்கும் கடைக்காரர்களுக்கு ஒரு மடல்

சிங்கப்பூரில் ஹார்ட் டிஸ்க்கும் தம்ப் டிரைவும் விற்கும் அன்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்களில் ஒருவரிடம் 1 டெராபைட் (1 டிபி, அதாவது ஆயிரம் ஜிபி) டிஸ்க் வாங்கினேன். தங்கை கல்யாண வீடியோவுக்கு ஒரு பிரதி எடுத்து வைக்கத்தான். என் விண்டோஸ் மடிக்கணினியில் அந்த ஃபோல்டர் 950 ஜிபி. ஆயிரத்தில் ஐம்பது மிச்சம் என்று மனக்கணக்குப் போட்டேன். வீட்டில் செருகிப் பார்த்தால் மொத்த இடமே 931 ஜிபி! திரும்பக் கொண்டுபோனேன். "ஃபார்மேட் பண்ணா கொஞ்சம் போயிடும்க்கா" என்றார் கவுன்டரில் இருந்த தம்பி.

பாவம், அவருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை போல. ஃபார்மேட் தின்பது சொற்பம். பெட்டியில் போட்டதும் பொய்யில்லை: டிஸ்க்கில் லட்சம் கோடி பைட் இருக்கவே இருக்கிறது. தயாரிப்பாளர் ஆயிரம் பைட் ஒரு கிலோபைட் (கேபி), ஆயிரம் கேபி ஒரு மெகாபைட் (எம்பி), ஆயிரம் எம்பி ஒரு கிகாபைட் (ஜிபி) என்று ஆயிரம் ஆயிரமாகக் கட்டுகிறார், விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. 2-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது 1024. கணினிக்கு அதுதான் தோது. லட்சம் கோடியை 1024-ஆல் ஒருமுறை வகுத்தால் 97 கோடிச் சொச்சம் கேபி. இன்னொரு முறை, 953,674 எம்பி. மூன்றாம் முறை, 931 ஜிபி. அதே டிஸ்க்கை ஆப்பிளின் மேக் கணினியில் செருகினால் 1 டிபி என்றே காட்டும்; அது 2009 முதல் ஆயிரத்தால் எண்ணுகிறது.

தேக்கா சந்தையில் காத்தி என்ற பழைய எடைக் கணக்கில் மீன் வாங்கிய பாட்டிகளுக்கு இது புதிதில்லை. இங்கே ஒரு காத்தி சுமார் 600 கிராம், சீனாவில் 500. பெயர் ஒன்று, எடை வேறு.

குழப்பம் தீர 1998-இல் அனைத்துலக மின்தொழில்நுட்ப ஆணையம் 1024 கணக்குக்கெனத் தனிப் பெயர்கள் வைத்தது. தமிழில் எழுதினால் கிலோவுக்கு வைத்த 'கிபி'யும் (kibi) கிகாவுக்கு வைத்த 'கிபி'யும் (gibi) ஒன்றாகிவிடும், அது வேறு கூத்து. கடையில் அந்தப் பெயர்களைச் சொல்லி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

சிறிய அளவில் இது உறைக்காது. கேபியில் 2.4 சதவீதமாக இருக்கும் வித்தியாசம் ஜிபியில் 7-ஐத் தாண்டும், டிபியில் ஏறக்குறைய 10. டிஸ்க் பெருக்கப் பெருக்க உங்கள் கவுன்டரில் சண்டையும் பெருகும்.

ஆகவே விலைச்சீட்டில் இன்னொரு எண்ணையும் போடுங்கள்: 1 டிபிக்குப் பக்கத்தில் 931, 2 டிபிக்கு 1862, 64 ஜிபி தம்ப் டிரைவுக்கு 59. எண்தானே, நான்கு மொழியில் எழுதும் வேலைகூட இல்லை.

இப்படிக்கு,
2 டிபி டிஸ்க்குக்கு மறுபடி காசு கொடுத்த வாடிக்கையாளர்