கதிரை கிரீச்சிடும் பதினான்காம் நிமிடம்

ஹட்டன்
2025 ஜூன் 22

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கடந்த வியாழக்கிழமை வந்து சேர்ந்தது. வவுனியா வெயிலைப் பற்றி நீ அலுத்துக்கொண்டு எழுதியிருந்ததை, ஒரு கிழமையாகக் காயாத துணிகள் கூடத்துக் கயிற்றில் தொங்க, அவற்றின் கீழே உட்கார்ந்து பொறாமையோடு வாசித்தேன். கடிதத்தின் கடைசியில், ஏதோ அப்போதுதான் நினைவுக்கு வந்ததைப் போல, "நீ காசு கட்டிச் செய்கிற அந்த உடற்பயிற்சிச் செயலியில் நானும் சேரட்டுமா?" என்று ஒரு வரி கேட்டிருந்தாய். ஆறு மாதத்துக்கு முன்பு கேட்டிருந்தால் 'சேர்' என்று ஒரே சொல்லில் பதில் எழுதியிருப்பேன். இப்போது அந்த ஒரு வரிக்கே இந்தக் கடிதம் முழுவதும் போய்விடும் போலிருக்கிறது. பொறுமையாக வாசி.

நான் அதில் சேர்ந்தது 2020இல். மார்ச் 20ஆம் திகதி ஊரடங்கு தொடங்கியபோது என் முழங்கால் ஏற்கெனவே படி இறங்கும் போதெல்லாம் சத்தமிடத் தொடங்கியிருந்தது. தொடையின் முன்பக்கத் தசை பலமானால் மூட்டின் மீது விழும் பாரம் குறையும், மாத்திரையைவிட அதுதான் முக்கியம் என்று வைத்தியர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆனால் எப்படிச் செய்வது என்று காட்டித் தருவதற்கு ஆள் இல்லை. நடக்கலாம் என்றால் நம் ஊரில் சமதரை எங்கே இருக்கிறது? ஏற்றத்தைக்கூட எப்படியோ சமாளித்துவிடலாம், இறக்கம்தான் முழங்காலைக் கொல்லும். மகன்தான் தன் வங்கி அட்டையால் மாதம் 10 டாலர் கட்டி அந்தச் செயலியை என் போனில் ஏற்றித் தந்தான். அம்மா இருந்திருந்தால், "ஏறி எறங்க இம்புட்டு மலை கெடக்கு, நீ காசு குடுத்து ஒக்காந்து எந்திரிக்கிறியா?" என்று கேட்டிருப்பார். முப்பது வருடம் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு கொழுந்து பறித்தவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை இருந்தது. அவருடைய முழங்கால்கள் கடைசியில் எந்த நிலையில் இருந்தன என்பதும் உனக்குத் தெரியும்.

அதில் 32 நிமிடப் பாடம் ஒன்று இருந்தது. நரைத்த தலைமுடியோடு, நம் வயதை ஒத்த ஒரு பெண் நடத்துவது. பின்னணியில் மெல்லிய இசை, ஒரு மரக் கதிரை, ஒரு சுவர், அவ்வளவுதான். கதிரையில் உட்கார்ந்து கைகளை ஊன்றாமல் எழும்புவது, சுவரில் முதுகைச் சாய்த்துப் பாதி உட்கார்ந்தபடி நிற்பது, ஒரு காலில் நின்று மனதுக்குள் இருபது எண்ணுவது, ஒரு சிறு படியில் ஏறி மிக மெதுவாக இறங்குவது என்று அதன் வரிசை எனக்கு இன்றும் மனப்பாடம். பதினான்காம் நிமிடத்தில் அந்தப் பெண் எழும்பும்போது அவளுடைய கதிரை கிரீச்சென்று சத்தமிடும். அவள் ஒரு கணம் சிரித்துவிட்டு, "அது கதிரைதான், என் முழங்கால் அல்ல" என்பாள். ஐந்து வருடமாக, கிழமைக்கு மூன்று நாள், அதிகாலை ஐந்தரைக்கு, அந்தச் சிரிப்புக்கு நானும் சிரித்திருக்கிறேன். நேரில் ஒருமுறையேனும் பார்த்திராத ஒருத்தியின் கதிரைச் சத்தம் எனக்குப் பழகிப்போயிருந்தது என்றால் நீ என்னைக் கேலி செய்யமாட்டாய் என்று நம்புகிறேன்.

2022 உனக்கு மறந்திருக்காது. மார்ச் மாத ஆரம்பத்தில் சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தாண்டியது. 2,000 ரூபாய்க்குள் அடங்கிய சந்தா 3,600 ஆகிவிட்டது, நம் சம்பளம் நின்ற இடத்திலேயே நின்றது. பால்மா வாங்க வரிசையில் நின்ற மாதங்களில் இதை நிறுத்தாமல் வைத்திருந்தேன் என்பதை இப்போது சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமல் இருந்த அந்த மார்ச் கடைசியில், மின்சாரம் வந்த வேளையில் பாடங்களை போனில் இறக்கி வைத்துக்கொண்டு, மறுநாள் இருட்டில் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவற்றைப் போட்டுச் செய்தேன். விசுவாசமான சந்தாதாரர் என்று அவர்கள் ஒவ்வொரு புதுவருடத்துக்கும் எனக்கு ஒரு பாராட்டு மின்னஞ்சல் அனுப்புவார்கள். அந்தச் சொல்லுக்கு நான் என்ன விலை கொடுத்தேன் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இந்த வருடம் பெப்ரவரியில் ஒரு காலை செயலியைத் திறந்தால் முகப்பு முழுவதும் மாறிக் கிடந்தது. பழைய பாடங்களைக் காணவில்லை. அவை இருந்த இடத்தில் ஏழு நிமிடம், ஒன்பது நிமிடம் என்று துண்டு துண்டான காணொளிகள். துள்ளிக் குதிக்கும் இளம் பயிற்றுநர்கள், காதை அடைக்கும் பாட்டு, திரையின் மூலையில் பின்னோக்கி ஓடும் இலக்கங்கள், முடித்தவுடன் வாணவேடிக்கை. நான் இறக்கி வைத்திருந்த பாடங்களும் திறக்கவில்லை. இணையத்தோடு ஒருமுறை தொடுத்ததும் அவற்றுக்கான அனுமதி காலாவதியாகிவிட்டது என்று மகன் விளக்கினான். வீட்டில் வைத்திருந்த நெல்லை, வாடகைக்கு எடுத்த நெல் என்று சொல்லி யாரோ இரவோடிரவாக அள்ளிக்கொண்டு போனதைப் போல இருந்தது.

கோபத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. புதியதைச் சேர்ப்பதற்குப் பழையதை எதற்காக எடுக்க வேண்டும்? காரணங்கள் இருக்கத்தான் செய்யும். பின்னணி இசைக்கு வாங்கிய அனுமதி முடிந்திருக்கலாம், பயிற்றுநரோடு செய்த ஒப்பந்தம் முடிந்திருக்கலாம், குறுகிய காணொளிகளே புதியவர்களை இழுக்கின்றன என்று யாராவது கணக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம். ஐந்து வருடமாக ஒரே பாடத்தைப் போட்டுச் செய்யும் என்னைப் போன்றவர்களால் அவர்களுடைய கணக்கில் எந்த இலக்கமும் கூடுவதில்லை அல்லவா? ஆனால் எங்கள் உடம்புக்கு அந்தத் திரும்பத் திரும்பச் செய்தலில்தான் பலன் இருக்கிறது. முதல் மாதம் ஐந்து தடவை எழும்ப முடிந்தது, மூன்றாம் மாதம் எட்டு, ஒரு வருடத்தில் பதினைந்து. பாடம் மாறாமல் இருந்ததால்தான் நான் மாறியது எனக்குத் தெரிந்தது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியில், வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கமும், குறைந்தது இரண்டு நாட்கள் தசையைப் பலப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தவர்கள் சமநிலைப் பயிற்சியையும் கிழமைக்கு மூன்று நாளாவது செய்ய வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்ளாமல் இருப்பதற்காகத்தான். அந்த வயது நமக்கும் தொலைவில் இல்லை. புதிய காணொளிகளில் ஒரு காலில் நிற்கும் பயிற்சியே கிடையாது, ஒரு காலில் குதிப்பது மட்டும் உண்டு.

எனவே செயலி நிறுவனத்துக்கு எழுதினேன். என்னைப் போலவே எழுதிக்கொண்டிருந்த வேறு சிலரோடு எப்படியோ தொடர்பு கிடைத்தது. கொழும்பில் ஒருவர், கோயம்புத்தூரில் இருவர், அயர்லாந்தில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் என்று சிறு கூட்டம் சேர்ந்தது. ஆளாளுக்குத் தனித்தனியே எழுதி, தானியங்கிப் பதிலைப் பெற்றுக்கொண்டிருப்பதைவிட எல்லோரும் ஒரே கடிதத்தில் ஒப்பமிடலாம் என்று முடிவாயிற்று. அதை எழுதும் பொறுப்பு ஆங்கில ஆசிரியையாக இருந்த என் தலையில் விழுந்தது. எங்கள் அப்பா தோட்டத்து லயக் குடியிருப்பு ஆட்களுக்காகத் தோட்டத் துரைக்குப் பெட்டிசம் எழுதிக் கொடுப்பவர் என்பது உனக்கு நினைவிருக்கும். கூரைத் தகரம் ஒழுகுகிறது, தண்ணீர்க் குழாய் உடைந்திருக்கிறது என்று எழுதுவார். குற்றச்சாட்டை முதலில் வைக்காதே, எத்தனை வருடம் வேலை செய்தோம் என்பதை முதலில் வை, கேட்பதை ஒன்று இரண்டு என்று எண்ணும்படி வை என்பார். அதே முறையில் எழுதினேன். நாங்கள் ஒவ்வொருவரும் எத்தனை வருடம் சந்தா கட்டினோம் என்பது முதல் பத்தியில். பழைய பாடங்களைத் தனியொரு பகுதியில் வைத்திருங்கள், எடுப்பதானால் மூன்று மாதத்துக்கு முன்பே அறிவியுங்கள் என்ற இரண்டே கோரிக்கைகள் அடுத்த பத்தியில். எழுதி முடித்து வாசித்தபோது முல்லோயாத் தோட்டத் தொழிலாளி கோவிந்தனின் நினைவு வந்து வெட்கமாகவும் இருந்தது. 1940இல் சம்பளம் கேட்டுப் போராடிய இடத்தில் சூடுபட்டு ஓர் ஆள் இறந்த மண்ணிலிருந்துகொண்டு, காணொளி காணாமல் போனதற்கு மனு எழுதுகிறேனே என்று. இரண்டையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது என்பதை நான் அறிவேன். எழுதும் பழக்கம் மட்டும்தான் அங்கிருந்து வந்தது.

எங்கள் பக்கத்திலும் எல்லாம் நேர்த்தியாக நடந்தது என்று சொல்லமாட்டேன். கூட்டத்தில் சிலர் அந்த இளம் பயிற்றுநர்களின் உடையையும் உடம்பையும் பற்றி எழுதத் தொடங்கினார்கள். வேலைக்கு வந்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? அப்படி எழுதுவதானால் என் கடிதத்தில் ஒப்பமிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இருவர் விலகிப் போனார்கள், ஒருத்தி மன்னிப்புக் கேட்டாள். இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை, கடையில் நாள் முழுவதும் நின்று வேலை செய்பவள், அந்த ஏழு நிமிடக் காணொளிகளைத்தான் விரும்பிச் செய்கிறாள். அவளுக்குக் கிடைக்கும் ஓய்வு அவ்வளவுதான். அவளுக்காக ஏதாவது செய்தது தவறில்லை, எங்களை வெளியேற்றிவிட்டு அதைச் செய்ததுதான் தவறு.

இது நமக்கு மட்டும் வந்த தலைவிதியும் அல்ல. டொரொன்டோவில் இருக்கும் என் தங்கை மகன் பெலோட்டன் கதையைச் சொன்னான். வீட்டில் வைத்து மிதிக்கும், திரை பொருத்திய சைக்கிளை விற்று, வகுப்புகளை மாதச் சந்தாவுக்குக் கொடுக்கும் அமெரிக்க நிறுவனம் அது. 2019 மார்ச்சில், வகுப்புகளில் ஒலித்த பாட்டுகளுக்கு உரிய அனுமதி பெறவில்லை என்று இசை வெளியீட்டாளர்கள் அதன் மீது வழக்குப் போட்டார்கள். உடனே அந்தப் பாட்டுகள் இருந்த வகுப்புகள் நீக்கப்பட்டன. வெளியீட்டாளர்களோடு 2020 பெப்ரவரியில் இணக்கம் ஏற்பட்டுவிட்டது. ஆனால் எப்போதும் வளர்ந்துகொண்டே போகும் வகுப்பு நூலகம் என்று விளம்பரம் செய்துவிட்டு வகுப்புகளைக் குறைத்தது எப்படிச் சரியாகும் என்று சந்தாதாரர்கள் சிலரும் நீதிமன்றம் போனார்களாம். ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்துச் சைக்கிள் வாங்கியவர்களுக்கே அதில் ஓடும் பாடம் சொந்தமில்லை என்றால், போத்தலில் மணல் நிரப்பித் தூக்கும் எனக்கு என்ன சொந்தம் இருக்கப் போகிறது?

எங்கள் கடிதத்துக்கு முதலில், உங்கள் கருத்து எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்ற பதில், இதயப் படத்தோடு வந்தது. அயர்லாந்துத் தாதி யோசனைப்படி, அடுத்த மாதச் சந்தாவை ஒரே நாளில் எல்லோரும் நிறுத்தினோம். நிறுத்தும்போது காரணம் கேட்கும் சிறிய பெட்டி ஒன்று வரும். அதில் எல்லோரும் அந்த 32 நிமிடப் பாடத்தின் பெயரை மட்டுமே எழுதினோம். சிறு கூட்டம்தான் என்றாலும், மூன்று கிழமைக்குப் பிறகு 'பழைய தொகுப்பு' என்று ஒரு பகுதி திறக்கப்பட்டது. எங்கள் நடவடிக்கையால்தானா, வேறு நாடுகளில் எங்களைப் போல் பலர் சத்தமிட்டதாலா என்று சொல்ல எனக்கு வழியில்லை. திறந்து பார்த்தேன், பாதிதான் இருந்தது. நம் கதிரைக்காரியின் பாடம் இருந்தது, ஆனால் 21 நிமிடமாகக் குறைக்கப்பட்டு, பின்னணி இசை மாற்றப்பட்டு. கதிரைச் சத்தத்தை வெட்டிவிட்டார்கள். பிழை என்று நினைத்திருப்பார்கள் போலும். ஒரு காலில் நிற்கும் பகுதியும் போய்விட்டது.

நான் திரும்பச் சேரவில்லை. காலை ஐந்தரைக்கு இப்போது போன் இல்லாமல், சுவர் மணிக்கூட்டைப் பார்த்து நானே செய்கிறேன். சனிக்கிழமைகளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் நான்கு பேர் வருகிறார்கள். அவர்களில் ஒருவர் இருபத்தைந்து வருடம் மலையில் கொழுந்து பறித்தவர். முதல் நாள், "இதெல்லாம் ஒரு வேலையா டீச்சர்?" என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார், கையை ஊன்றாமல் எழும்பச் சொன்னபோது மூன்றாவது தடவையோடு நிறுத்திவிட்டார். நேற்று ஏழு தடவை எழும்பினார். கூடத்தில் ஈரத்துணிகளை ஒதுக்கிவிட்டுத்தான் இடம் பண்ண வேண்டியிருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். சேர விரும்பினால் சேர், புதியவர்களுக்கு அதில் இன்னும் நல்லவை இருக்கின்றன. ஆனால் மாதாமாதம் கட்டு, மலிவு என்று சொல்லி ஆண்டுச் சந்தாவைத் தலையில் கட்டுவார்கள், அதற்குச் சம்மதிக்காதே. பிடித்த பாடம் ஒன்று அமைந்தால் அன்றைக்கே அதன் வரிசையைக் கொப்பியில் எழுதி வைத்துக்கொள். அந்தப் பழைய 32 நிமிடப் பாடத்தை நான் கட்டம் போட்ட கணிதக் கொப்பியில் நிமிடவாரியாக எழுதி வைத்திருக்கிறேன், அதன் பிரதி ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன். கைப்பிடி இல்லாத கனமான கதிரையாகப் பார்த்துச் சுவரோரமாகப் போட்டுக்கொள். முதல் கிழமை ஐந்து தடவைக்கு மேல் எழும்பாதே. பதினான்காம் நிமிடத்துக்கு எதிரே வெறுமனே 'கதிரை' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, ஏதோ பயிற்சி விடுபட்டுவிட்டது என்று குழம்ப வேண்டாம்.

என்றும் அன்புடன்,
கொட்டகலைக் கலாசாலையின் உன் அறைத்தோழி