பென்சில்வேனியா பெர்மிட் நியூ ஜெர்சியில செல்லாது

ஆசிரியருக்கு வணக்கம்.

பென்சில்வேனியாவுல கடை, கேஸ் ஸ்டேஷன்னு நடத்துற நம்ம ஆளுங்க சிலர் பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி வாங்கி, அதை மறைச்சு எடுத்துட்டுப் போக பெர்மிட்டும் வச்சிருக்காங்க, வாங்குறதும் வாங்காததும் அவங்க இஷ்டம். ஆனா டிரைவிங் லைசென்ஸ் மாதிரி இதுவும் எல்லா ஸ்டேட்லயும் செல்லும்னு நம்பிக்கிட்டு இருக்காங்களே, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. ஒஹாயோ எல்லா ஸ்டேட் பெர்மிட்டையும் ஏத்துக்குது, ஆனா டெலவேர் ஆத்துப் பாலத்தைத் தாண்டி நியூ ஜெர்சிக்குள்ள போயிட்டா வேற எந்த ஸ்டேட் பெர்மிட்டும் செல்லாது.

2013ல பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு அம்மாவோட காரை நியூ ஜெர்சி போலீஸ் நிறுத்தினப்போ, அவங்களாவே துப்பாக்கி இருக்கு, பெர்மிட்டும் இருக்குன்னு சொன்னாங்க. உடனே கைது. குறைஞ்சது 3 வருஷம் ஜெயில்ங்கிற அளவுக்கு கேஸ் போச்சு, 2015ல கவர்னர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு குடுத்தார். உண்மையைச் சொன்னவங்களை இப்படி அலைக்கழிச்சது அநியாயம்ங்க.

துப்பாக்கியோட ஒரு ஸ்டேட்டை வழியில கடந்து மட்டும் போறவங்களுக்கு 1986 ஃபெடரல் சட்டத்துல ஒரு பாதுகாப்பு இருக்கு, கிளம்புற இடத்துலயும் போய்ச் சேர்ற இடத்துலயும் அனுமதி இருக்கணும், தோட்டாவை எடுத்துட்டு டிரங்க்ல வச்சுப் பூட்டணும், டிரங்க் இல்லாத வண்டின்னா பூட்டின பெட்டி, குளோவ் பாக்ஸ் கணக்குல வராது. அதையும் முழுசா நம்ப முடியாது. ஃபிளைட்டைத் தவறவிட்டு நியூ ஜெர்சி நெவார்க்ல ஹோட்டல்ல ஒரு ராத்திரி தங்கின யூட்டா ஸ்டேட்காரருக்கு, துப்பாக்கி இருந்த பெட்டி கையில இருந்ததால அந்தப் பாதுகாப்பு கிடையாதுன்னு 2010ல அப்பீல் கோர்ட் சொல்லிடுச்சு.

நமக்கு இதைவிடப் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. கிரீன் கார்டுல இருக்கிறவங்க துப்பாக்கி வச்சுக்கலாம், ஆனா துப்பாக்கி கேஸ்ல குற்றவாளின்னு தீர்ப்பு வந்தா நாடு கடத்துறதுக்கே அது போதும், வீடு வாசல் புள்ளைங்க படிப்புன்னு எல்லாத்தையும் விட்டுட்டுக் கிளம்ப வேண்டியதுதான். எச்1பி விசாக்காரங்க பெரும்பாலும் துப்பாக்கியைத் தொடவே கூடாது, வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குதான்.

ஒரு ஸ்டேட் பெர்மிட்டை மத்த ஸ்டேட்டும் ஏத்துக்கணும்ங்கிற மசோதா 2017ல அமெரிக்க நாடாளுமன்றத்தோட கீழ்சபையான ஹவுஸ்ல பாஸாச்சு, மேல்சபையான செனட்ல நிறைவேறல. அதை நம்பி யாரும் கிளம்பாதீங்க, போற வழியில இருக்கிற ஒவ்வொரு ஸ்டேட் சட்டத்தையும் பாருங்க, சந்தேகம்னா வீட்லயே பூட்டி வச்சுட்டுப் போங்க. இமிக்ரேஷன் வக்கீல் ஒருத்தர்கிட்ட கேட்டு இதைப் பத்தி ஒரு பக்கம் போடுங்க சார்.

ஒரு வாசகர், பென்சில்வேனியா