எடைக்குப் போடுமுன் ஒரு மதர்போர்டை எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கீழக்கரையில் 1998 முதல் கணினி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். நம் மாவட்டத்துப் பள்ளி, கல்லூரி, அலுவலகங்களில் பழைய கணினிகளை ஏலம் விடும்போது, நீளமான கறுப்பு ஸ்லாட் (கார்டு சொருகும் இடம்) உள்ள மதர்போர்டு, அதாவது கணினிக்குள் எல்லாம் மாட்டியிருக்கும் பெரிய பலகை, ஒன்றிரண்டையாவது உடைக்காமல் எடுத்து வைக்கும்படி கேட்கத்தான் இந்தக் கடிதம். காரணம் கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன நோன்புக்கு முன்னால் எங்கள் தெருப் பையன் ஒருவன் பழைய கைலியில் சுற்றி, கணினிக்குள் சொருகுகிற இரண்டு கார்டுகளைக் கொண்டு வந்தான். ஒவ்வொன்றும் ஒரு அடிக்கு மேல் நீளம். "காக்கா, இதை என் லேப்டாப்பில் மாட்டித் தர முடியுமா?" என்றான். அவனுடைய பெரியவாப்பா வெளிநாட்டில் ஒரு கேம் கம்பெனியில் வேலை பார்த்தவர். கம்பெனியை மூடியபோது குப்பைக்குப் போக இருந்ததை வாங்கி வந்தாராம். லேபிளைத் துடைத்துப் பார்த்தால் டி.டி.எல்-எச்2000. பிளேஸ்டேஷன் என்ற விளையாட்டுப் பெட்டிக்கு கேம் எழுதுகிறவர்களுக்காக சோனி கொடுத்த கார்டு இது, கடையில் விற்றதில்லை. 1994 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷனில் நினைவகம் 2 எம்.பி.; இதில் 8 எம்.பி. எழுதி முடிக்காத, பிழையோடு கிடக்கிற புரோகிராமுக்கு இடம் தாராளமாக வேண்டுமல்லவா! விளையாட்டுப் பெட்டி முழுக்க இந்த இரண்டு கார்டுகளுக்குள் இருக்கிறது. கணினி அதற்கு ஒரு வீடு மாதிரிதான்.

அந்த வீடுதான் இப்போது இல்லை. கார்டு உட்காருவது ஐ.எஸ்.ஏ. என்கிற அந்த நீளமான கறுப்பு ஸ்லாட்டில். 1981-இல் ஐ.பி.எம். பி.சி.யோடு வந்து, 1984-இல் 16 பிட்டாக நீண்டது அது. 1992-இல் பி.சி.ஐ. என்ற புது வகை ஸ்லாட் வந்தது, 2003-இல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ். அதற்குள் சாதாரண போர்டுகளிலிருந்து ஐ.எஸ்.ஏ.வைக் கழற்றிவிட்டார்கள். 2007-இல் அகலப் பாதை ஆகும்வரை பாம்பன் பாலத்தில் மீட்டர்கேஜ் ரயில் ஓடியது நினைவிருக்கும். அந்தப் பெட்டியை இன்றைய தண்டவாளத்தில் ஏற்ற முடியுமா என்று பையனிடம் கேட்டேன். "சக்கரத்தை மட்டும் மாற்றிவிட்டால்?" என்றான்.

கேள்வி நல்ல கேள்விதான். ஆனால் சிக்கல் ஸ்லாட்டின் வடிவத்தோடு முடியவில்லை. அந்தக் காலத்து புரோகிராம் கார்டின் முகவரிக்கு நேராகப் போய்க் கதவைத் தட்டும். அந்தக் கணமே பதில் வரும் என்று நிற்கும். நடுவில் யு.எஸ்.பி. இருந்தால் ஒவ்வொரு தட்டலும் பொட்டலம் கட்டி வரிசையில் நின்று போக வேண்டும். கார்டு 'என்னைக் கவனி' என்று கணினியை எழுப்பத் தனிக் கம்பிகள் ஐ.எஸ்.ஏ.வில் உண்டு, அவற்றுக்கும் புது லேப்டாப்பில் இடமில்லை. பி.சி.ஐ. கார்டாக இருந்தால் பரவாயில்லை, அதைப் புது போர்டில் மாட்ட நடுவில் பாலமாக நிற்கிற பிரிட்ஜ் கார்டு கிடைக்கிறது. அங்கேயும் பழைய டிரைவர், அதாவது கார்டை இயக்குகிற புரோகிராம், மல்லுக்கு நிற்கும். 64 பிட் விண்டோஸ் 16 பிட் புரோகிராமைத் தொடவே தொடாது. ஆலை இயந்திரங்களுக்கென்று ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டோடு புதுப் போர்டு இன்னமும் செய்கிறார்கள். விலை கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டேன்.

கடைசியில் என் பரணிலேயே கிடந்தது வழி. இன்டெல் 440பி.எக்ஸ். சிப்செட் உள்ள பழைய போர்டு, இரண்டு ஐ.எஸ்.ஏ. ஸ்லாட்டுகள். எங்கள் ஊர்க் கடல் காற்று எதையும் சும்மா விடாது. ஸ்லாட்டுக்குள்ளும் கார்டின் பற்களிலும் பச்சைக் களிம்பு. பற்களைப் பிள்ளைகள் பென்சில் அழிக்கிற ரப்பரால் தேய்த்தேன். ஸ்லாட்டுக்கு டார்ச் அடித்து, பிரஷ்ஷில் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். பெரிய பகுதியில் 62, சின்னதில் 36, ஆக ஒரு ஸ்லாட்டுக்கு 98 தொடுமுனைகள். ஒன்றை முடிப்பதற்குள் அஸர் பாங்கு சொல்லிவிட்டார்கள். உப்பியிருந்த ஏழு கெபாசிட்டர்களை மாற்றினேன். ஹார்டு டிஸ்குக்குப் பதில் கேமராவில் போடுகிற சிஎஃப் கார்டு. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. சவுண்டு கார்டின் முகவரியும் இதன் முகவரியும் மோதிக்கொண்டிருந்தது மறுநாள்தான் புரிந்தது. சவுண்டு கார்டைக் கழற்றினேன்.

இப்போது பையன் தன் லேப்டாப்பில் எழுதுகிறான். நெட்வொர்க் கேபிள் வழியாக அது பழைய கணினிக்குப் போகிறது, அது கார்டிடம் ஒப்படைக்கிறது. பழசைப் புதுசோடு நேராக ஒட்ட முயலாமல், நடுவில் இரண்டு பாஷையும் தெரிந்த ஒரு பெரியவரை உட்கார வைத்த மாதிரி. இரவு பத்தரைக்கு டிவியில் ஒரு சிவப்புச் சதுரம் வந்து நின்றது. அவ்வளவுதான், ஒரு சதுரம். பையன் அதைப் போட்டோ எடுத்துத் தெரு முழுக்க அனுப்பிவிட்டான்.

என்னிடம் இருந்த அத்தகைய கடைசிப் போர்டு அது. மாற்று போர்டு தேடிப் போனபோதுதான் வயிறு எரிந்தது. பக்கத்தில் ஒரு கல்லூரியில் பழைய கணினிகளை எடைக்கு விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓடினேன். ஒரு நாள் தாமதம். வியாபாரி கிடங்கில் பார்த்தால் மூன்று கறுப்பு ஸ்லாட் உள்ள போர்டு, செம்புக்காக இரண்டாகப் பிளந்து கிடந்தது.

விளையாட்டு கார்டுக்காகவா இவ்வளவு என்று கேட்பீர்கள். மண்டபம் பக்கம் ஒரு இறால் பதனிடும் கூடத்தில் குளிர் அளவைப் பதிவு செய்த கணினியிலும் இதே ஸ்லாட்டில்தான் கார்டு இருந்தது. போர்டு போனதும் அந்தக் கார்டும் வீண், பல வருடப் பதிவும் வீண்.

மின்கழிவு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கின்றன. பதிவு பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும், நல்ல விஷயம். ஒப்படைக்கும் முன் ஆய்வகப் பொறுப்பாளர் மூடியைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தால் போதும். ஓடுகிற போர்டு ஒன்று, மைனஸ் ஐந்து வோல்ட்டும் தருகிற பழைய எஸ்.எம்.பி.எஸ். (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று, இரண்டையும் பாலிதீனில் சுற்றி, சிலிகா ஜெல் போட்டு அலமாரியில் வைத்துவிடலாம்.

என் போர்டின் இரண்டாவது ஸ்லாட் தளர்ந்துவிட்டது. தீப்பெட்டி அட்டையை மடித்துச் சொருகித்தான் கார்டை நிற்க வைத்திருக்கிறேன். யாரிடமாவது இருந்தால் கீழக்கரை வரை அலைய வேண்டாம், ராமநாதபுரமோ தொண்டியோ, நானே பஸ் ஏறி வந்து எடைக்கு மேல் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
கணினி பழுது பார்ப்பவர்,
கீழக்கரை.