எருமை மேல பழிய போட்டா போதுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

தென்னாப்பிரிக்காவோட மாட்டுக்கறி ஏற்றுமதி ஏன் படுத்துக்கிடக்குன்னு போன வாரம் உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். க்ரூகர் தேசிய பூங்கா காட்டு எருமை கோமாரிய பரப்புது, அதான் மார்க்கெட் போச்சுன்னு ரெண்டு பாராவுல முடிச்சிட்டீங்க. நான் டர்பன்ல ஒரு ஷிப்பிங் ஆபீஸ்ல கறி கன்டெய்னருக்கு பேப்பர் வேலை பாக்குறவ, சும்மா விட மனசு வரல. (நான் மாட்டுக்கறி தொடமாட்டேன், என் மாமியார் கோயில்ல யாராவது கேட்டா "ஆபீஸ் வேலை"ன்னு மட்டும்தான் சொல்லுவாங்க, அது வேற கதை.)

எருமை உடம்புல அந்த வைரஸ் வருஷக்கணக்குல தங்கும், அதுக்கு ஒண்ணும் ஆகாது, மாட்டோட சேந்து மேஞ்சா மாட்டுக்கு ஒட்டும், எல்லாம் நெஜம்தான். ஆனா எருமை லாரி ஏறி ஏலத்துக்கு போகுதா? 2019 ஜனவரில வடக்கு மாகாணம் லிம்போபோல நோய் வந்து 'கோமாரி இல்லாத மண்டலம்'ங்கிற அந்தஸ்து போச்சு, அதே வருஷ கடைசில மறுபடி வந்தப்ப ஏலத்துல வித்த மாடு வழியாத்தான் பண்ணைக்கு பண்ணை போச்சு. 2021ல எங்க மாகாணம் க்வாசூலு-நட்டால், 2022ல ஆறு மாகாணம், அந்த ஆகஸ்ட்ல நாடு பூரா மாட்ட எங்கயும் நகத்தக்கூடாதுன்னு 21 நாள் தடையே போட்டாங்க. 2025 ஜூன்ல ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஹைடல்பெர்க்ல, லட்சம் மாட்ட அடைச்சு தீனி போட்டு கொழுக்க வைக்கிற ஃபீட்லாட்டுக்குள்ளயே பூந்துடுச்சு, சைனா உடனே கதவ சாத்திட்டான்.

கதவு சாத்துறதுன்னா என்னன்னு சொல்றேன். ஒவ்வொரு நாட்டுக்கும் தனி ஹெல்த் சர்டிபிகேட், இந்த மாடு வந்த ஏரியால இத்தனை மாசமா நோய் இல்லன்னு ஒரு வரி இருக்கும், அதுக்கு கீழ அரசாங்க வெட்டினரி டாக்டர் கையெழுத்து போடணும். கன்டெய்னர்ல கறி ஏத்தி சீல் போட்டு கரன்ட் சொருகி நிக்குது, சாயங்காலம் நியூஸ் வருது, டாக்டர் பேனாவ மூடிட்டாரு. அவர் மேல தப்பே இல்ல, பொய் எழுத முடியுமா? பெட்டிய திருப்பி கொண்டு வந்து கெடச்ச விலைக்கு லோக்கல்ல தள்ளணும், இதுக்கு நடுவுல நாள் வாடகையும் கரன்ட் பில்லும் ஏறிட்டே இருக்கும். 2023 கடைசில எங்க ஹார்பர்ல கப்பல் வெளிய கடல்ல கியூ நின்னப்பவும் இதே கூத்துதான்.

என் கேள்வி, எந்த மாடு எங்கேர்ந்து வந்துச்சுன்னு இங்க யாருக்கு தெரியும்? இந்தியாவுல, நம்ம ஊர்ல, 2019ல ஆரம்பிச்ச கோமாரி திட்டத்துல மாட்டு காதுல மஞ்சள் டேக், 12 நம்பர், எங்க சித்தப்பா வீட்டு கறவை மாட்டுக்கே இருக்கு. இங்க பண்ணைக்காரரோட சூட்டுக்குறிதான், மாட்டுக்கு மாடு தனி நம்பர்னு நாடு முழுக்க ஒண்ணும் ஓடல. பக்கத்துல போட்ஸ்வானாக்காரன் ஐரோப்பா மார்க்கெட்டுக்காக மாட்டு வயித்துக்குள்ளயே சிப் வெச்ச போலஸ், அதாவது முழுங்க வைக்கிற குளிகை, போட்டான், அப்புறம் காது டேக்குக்கு மாறினான். நமீபியாவும் டேக்தான், 2020ல ஆப்பிரிக்காலயே மொதல்ல அமெரிக்காவுக்கு மாட்டுக்கறி அனுப்பினது அவங்கதான். ஆனா அங்க 1896-97ல மாட்டு வெக்கை வந்தப்ப போட்ட கோடு இன்னும் வேலியா நிக்குது, அதுக்கு வடக்க இருக்கிற சின்ன விவசாயியோட மாடு தெக்க வர முடியாது, அதையும் சொல்லிடணும்.

தடுப்பூசி இன்னும் மோசம். இங்க பரவுற சாட் (SAT) வகை, அதாவது தெக்கு ஆப்பிரிக்க பகுதிக்கே உரிய கோமாரி வைரஸுக்கு அதுக்குன்னே செஞ்ச ஊசிதான் வேணும். ப்ரிட்டோரியா பக்கம் ஆண்டர்ஸ்டேபோர்ட்ல ஒரு காலத்துல செஞ்சிட்டிருந்தாங்க, அது நின்னுபோயி வருஷக்கணக்கா போட்ஸ்வானா தலைநகர் கபரோனேலேர்ந்துதான் வாங்கிட்டிருந்தாங்க. 2025ல ஆர்டர் போட்டது 9 லட்சம் டோஸ், நாட்டுல இருக்கிற மாடு சுமார் 1.2 கோடி, ஒரு ஊசியோட முடியாது, பூஸ்டரும் போடணும், கணக்க நீங்களே போட்டுக்கோங்க.

இதுல அடி வாங்குறது எங்க மாகாணத்து வடக்குல ஜோஸினி, ஷ்ளுஷ்ளுவே பக்கம் பத்து மாடு வெச்சிருக்கிறவங்க. உண்ணி மருந்துல மாட்ட முக்கி எடுக்கிற டிப் டேங்க்ல வரிசைல நின்னு மாட்டோட வாய தொறந்து காட்டணும், பர்மிட் இல்லாம ஒரு கன்னுக்குட்டி கூட வெளிய போகக்கூடாது. எங்க ஆபீஸ்ல கூட வேலை பாக்குற அண்ணன் ஒருத்தர், மகனோட லொபோலாவுக்கு, அதாவது மாப்பிள்ளை வீட்டார் குடுக்கிற பரிசத்துக்கு, பொண்ணு வீட்டுக்கு மாடு ஓட்டிட்டு போகணும், பர்மிட் கிடைக்கல, கடைசில பணமா குடுத்தாரு, பெரியவங்களுக்கு இன்னும் மனசு ஆறல.

வழியே இல்லன்னும் சொல்ல முடியாது. 2 டிகிரிக்கு மேல 24 மணி நேரம் தொங்கவிட்டு, கறியோட பிஹெச் (புளிப்பு அளவு) 6க்கு கீழ எறங்கிச்சுன்னா அந்த புளிப்புலயே கறில இருக்கிற வைரஸ் செத்துடும், அப்புறம் எலும்பும் நிணநீர் முடிச்சும் எடுத்துடணும், உலக விலங்கு சுகாதார அமைப்போட விதிலயே இதுக்கு எடம் இருக்கு. வாங்குற நாடுங்கதான் பாதி பேர் ஒத்துக்க மாட்டேங்குறாங்க, நம்ம பேச்ச நம்பணும்னா டேக்கும் ரெஜிஸ்டரும் ஒழுங்கா இருக்கணுமே.

இன்னொண்ணு, அந்தக் கறிய சாப்பிட்டா மனுஷனுக்கும் நோய் வரும்ங்கிற மாதிரி கட்டுரை கடைசில ஒரு வரி இருக்கு. கோமாரி கறி வழியா மனுஷனுக்கு வர்ற நோய் இல்ல. சாட்ஸ்வொர்த்ல அந்த வரிய போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல சுத்த விட்டுட்டாங்க, எங்க தெரு கசாப்புக்கடைல ஆட்டுக்கறி வாங்க வந்த ஆன்ட்டிங்க கூட திரும்பி போறாங்க. அதுக்கு ஒரு திருத்தம் போடுங்க ஐயா, மொத பக்கத்துல இல்லாட்டியும் கண்ணுக்கு தெரியிற எடத்துல.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சாட்ஸ்வொர்த், டர்பன்