ஒரு நாற்காலிக்கு ஏழு பேர்

அன்பு மகளுக்கு,

விமான நிலைய கட்டுப்பாட்டு டவரின் ரோஸ்டர், அதாவது யாருக்கு எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல், இனி உன் பொறுப்பு என்றாய். பட்டியலில் எத்தனை பெயர் என்று பார்க்காதே, எத்தனை மணி நேரம் மைக்கில் ஆள் இருப்பார் என்று பார்.

இரவு பகலாகத் திறந்திருக்கும் ஒரு பொசிஷனுக்கு, அதாவது விமானிகளோடு பேசி வழிநடத்தும் ஒரு நாற்காலிக்கு, ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஆள் வேண்டும். அதில் உட்காரும் ஒரு கன்ட்ரோலருக்கு வார ஓய்வே 104 நாள். விடுப்பு, காய்ச்சல், பயிற்சிக்கு 45 நாள் வை. மிச்சம் 216. எட்டு மணி ஷிஃப்டில் இடைவேளை போக ஆறு மணிதான் வேலை நடக்கும். ஆக 1,296 மணி. வகுத்துப் பார்த்தால் ஒரு நாற்காலிக்கு ஏழு பேர். அந்த ஏழு பேருக்கும் அந்தப் பொசிஷனின் ரேட்டிங், அதாவது அங்கே வேலை செய்யும் தகுதிச் சான்று, இருக்க வேண்டும்; டவர் ரேட்டிங் உள்ளவரை ரேடாரில் உட்காரவைக்க முடியாது. பயிற்சியில் இருப்பவரைக் கணக்கில் சேர்க்காதே. அவர் பின்னால் ஒரு பயிற்றுநர் உட்கார வேண்டும், அதாவது ஒரே வேலைக்கு இரண்டு பேர்.

ஆள் குறைந்தால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, இரண்டு பொசிஷனை ஒருவரிடமே கொடுத்துவிடலாம் என்பது. விமானம் குறைவான நேரத்தில் அது வழக்கம்தான். எனக்கு அதில்தான் பயம். 2002 ஜூலை 1 இரவு சுவிட்சர்லாந்தின் ஜூரிச் விமானக் கட்டுப்பாட்டு மையத்தில் இரண்டு கன்ட்ரோலர்களில் ஒருவர் ஓய்வுக்குப் போயிருந்தார். மற்றவர் இரண்டு திரைகளைத் தனியாகப் பார்த்தார். பராமரிப்புக்காகப் பிரதானத் தொலைபேசியையும் நிறுத்தியிருந்தார்கள். தாமதமாக வந்த ஒரு விமானத்தை இறக்க அவர் அடுத்த திரைக்குத் திரும்பியிருந்தபோது, ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் நெருங்கிவந்து மோதின. 71 பேர் போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

அதனால் விடியற்காலையில் ஒருவர் உடம்பு சரியில்லை என்று போன் செய்தால், முதலில் விமானங்களின் வரத்தை ஒழுங்குபடுத்தும் ஃப்ளோ மேசையைக் கூப்பிட்டு மணிக்கு இறங்கும் விமானங்களின் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல். விமானங்கள் தரையிலேயே காத்திருக்கட்டும். ஓவர்டைம் அதற்குப் பிறகுதான். இன்று கூடுதலாக உழைத்தவர் அடுத்த வாரம் படுத்துக்கொள்வார், அந்த ஓட்டையை அடைக்க இன்னொருவருக்கு ஓவர்டைம் போடுவாய்.

இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரையும் தொடர்ந்து உட்காரவைக்காதே. கைமாறும்போது புதியவர் சில நிமிடம் பக்கத்தில் நின்று கேட்கட்டும். பழையவர் ஒப்படைத்த பிறகும் கொஞ்சம் நிற்கட்டும். அமெரிக்காவில் 2024இல் ஷிஃப்டுகளுக்கிடையே 10 மணி ஓய்வு, நள்ளிரவு ஷிஃப்டுக்கு முன் 12 மணி என்று அறிவித்தார்கள். வீட்டுக்குப் போய்வரும் நேரமும் அதற்குள்தான். முடிந்தால் கூடவே கொடு.

காலியான கட்டத்தில் உன் பெயரையே எழுதிக்கொள்ளாதே கண்ணு.

அம்மா