அபூர்வப் பறவையல்ல, பெண் குயில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் 'அபூர்வப் பறவை' என்று வந்த படத்தில் இருப்பது பெண் குயில். ஆண் குயில் கறுப்பு. பெண்ணோ பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளியும் பட்டையுமாக இருக்கும். கண் மட்டும் இரண்டுக்கும் சிவப்பு. 'கூ... கூ' என்று நாம் ரசிப்பதெல்லாம் ஆணின் குரல், அதனால் பெண்ணின் முகம் பலருக்குத் தெரியாது.

குற்றம் சொல்ல எழுதவில்லை. அதற்கு எனக்கு அருகதையும் இல்லை. போன மாதம் எங்கள் குழுவோடு பறவை பார்க்கப் போனபோது, சாம்பல் நிறப் பறவையொன்று தாழப் பறந்து வந்து மரத்தில் ஏறியது. அணில்கள் கத்தின, சின்னக் குருவிகள் அலறிக்கொண்டு சிதறின. "வல்லூறு!" என்றேன். பைனாகுலரைக் கண்ணில் வைக்குமுன் நோட்டில் எழுதியும்விட்டேன். பக்கத்தில் நின்ற கல்லூரி மாணவி தயங்கித் தயங்கி, "டீச்சர், அலகைப் பாருங்களேன்" என்றாள். கொக்கி அலகு இல்லை. இரையைக் கவ்வும் நகங்கள் இல்லை. கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம். அக்காக்குயில்! வல்லூறு வேஷம் போட்டே பிழைக்கிற பறவை அது. தவிட்டுக்குருவியின் கூட்டில் திருட்டுத்தனமாக முட்டையிடும், அந்த முட்டையும் தவிட்டுக்குருவி முட்டை போலவே நீலம். அணிலே ஏமாந்தது என்று என்னைத் தேற்றிக்கொண்டேன்.

அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு. புதிதாக எதையாவது பார்த்தால் முதல் இரண்டு நிமிடம் யாரும் புத்தகத்தையோ செயலியையோ திறக்கக் கூடாது. மைனாவைவிடப் பெரிதா சிறிதா, அலகு எப்படி, கால் என்ன நிறம், வாலை ஆட்டுகிறதா என்று எழுதிவிட வேண்டும். பெயரை முதலில் படித்துவிட்டால், அப்புறம் புத்தகத்தில் போட்டிருப்பதெல்லாம் பறவையிலும் தெரிய ஆரம்பித்துவிடும்! அடுத்து, தெரிந்த பறவைகளையே சந்தேகப்படுவோம்: இது பெண்ணா, குஞ்சா, இறகு உதிர்ந்து தலை மொட்டையான மைனாவா, வெள்ளை இறகு முளைத்த காக்கையா, கூண்டிலிருந்து தப்பிய வளர்ப்புப் பறவையா? இத்தனைக்கும் இல்லை என்று பதில் வந்தால்தான் அபூர்வம். அதுவும் நடப்பதுதான், புயலுக்குப் பிறகு கடல் ஆலா உள்நாட்டு ஏரியில் ஒதுங்குவதுண்டு. பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளமான இ-பேர்டில் வழக்கமில்லாத பறவையைப் பதிந்தாலும், என்ன பார்த்தீர்கள் என்று விவரம் கேட்கிறார்கள்.

இனி இப்படிப் படம் வந்தால், பறவை தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட்டு, எடுத்த தேதியோடு போடுங்கள். கூடு இருந்தால் இடத்தை மட்டும் அச்சிட வேண்டாம். மறுநாளே கேமராவோடு கூட்டம் கூடிவிடும்.

மற்றபடி படம் அருமை. அந்தச் சிவப்புக் கண் அவ்வளவு துல்லியமாக எனக்கு ஒருநாளும் கிடைத்ததில்லை. வெட்டி நோட்டில் ஒட்டி, கீழே 'பெண் குயில்' என்று எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்