கொம்பு இடம் மாறிய கதை: புதிய வீடியோ பிளேயர் உருவாக்கிய நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நண்பர்களே,

உங்கள் பிளேயரை நிறுவி மூன்று நாள்தான் ஆகிறது. அதற்குள் கடிதமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மாதம் போனால் குறைகள் எனக்கே பழகிப்போய்விடும். அதனால்தான் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஃபைலை இழுத்துப் போட்டேன், படம் ஓடியது. கணக்கு தொடங்கு என்ற நச்சரிப்பு இல்லை, வன்தட்டு முழுக்கத் துழாவி நூலகம் அமைக்கும் வேலையும் இல்லை. 10 பிட் ஹெச்இவிசி என்ற வீடியோ சுருக்க முறையில் இருந்த 4கே வீடியோ ஒன்றைத் திறந்தபோது மடிக்கணினியின் விசிறி அலறப்போகிறது என்று காத்திருந்தேன். சத்தமே வரவில்லை. சுருக்கிய வீடியோவை விரிக்கும் வேலையை அதற்கென்றே உள்ள சில்லிடம் விடும் ஹார்டுவேர் டீகோடிங்கை யாரும் தேடி அலையாதபடி நீங்களே இயக்கி வைத்திருக்கிறீர்கள். நேற்று பாதியில் மூடிய படம் இன்று அதே இடத்திலிருந்து தொடங்கியது. இதற்கெல்லாம் மனமார்ந்த நன்றி.

இனி என் வழக்கு. ஒரு வசனம் காதில் சரியாக விழவில்லை. இடது அம்புக்குறியை ஒரு தட்டு தட்டினேன். 5 விநாடி பின்னால் போக வேண்டியது 12 விநாடி போய் நின்றது. காரணம் புரியாமல் இல்லை. வீடியோவில் முழுப் படமாக இருப்பவை கீஃப்ரேம்கள் மட்டும்தான். நடுவில் உள்ளவை பெரும்பாலும் முன்பின் படங்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்புகள். கீஃப்ரேமில் போய் நின்றால் உங்களுக்கு வேலை மிச்சம். சரியான இடத்துக்குப் போக வேண்டுமென்றால் அதற்கு முந்தைய கீஃப்ரேமிலிருந்து எல்லாவற்றையும் விரித்துக்கொண்டு வர வேண்டும். கீழே உள்ள பட்டையை இழுக்கும்போது கீஃப்ரேம் போதும், அங்கே வேகம்தான் முக்கியம். அம்புக்குறியைத் தட்டுபவர் அப்படி இல்லை. அவருக்கு வேண்டியது அந்த 5 விநாடி. இரண்டையும் பிரித்துவிடுங்கள்.

ஆனால் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது அது இல்லை, சப்டைட்டில்.

தமிழ் சப்டைட்டில் வரிகள் உள்ள எஸ்ஆர்டி ஃபைல் ஒன்றைச் சேர்த்தேன். எழுத்துகள் யுடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் இருக்கின்றன என்று தானே கண்டுபிடித்துக்கொண்டது. தலையில் கோடும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளாகக் கொட்டும் பழைய கூத்து இல்லை, அப்பாடா என்று சாய்ந்து உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே ‘பெண்’ என்ற சொல் வந்தது. ப-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு பின்னால் போய் ண்-ஐ ஒட்டிக்கொண்டு நின்றது. அடுத்த சொல் ‘போனாள்’. அதில் இரட்டைக்கொம்பும் காலும் சேர்ந்தே ப-வுக்குப் பின்னால் வரிசைகட்டின. இரண்டு விநாடிக்குள் படித்து முடிக்க வேண்டிய வரியை விடுகதை போல அவிழ்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் திரையில் ஆளே மாறிவிட்டார்.

கணினிகள் எல்லா மொழி எழுத்துகளையும் பதிவு செய்யும் பொது முறையான யூனிகோடில் மெய் முதலிலும் உயிர்க்குறி அடுத்தும்தான் பதிவாகின்றன. எ, ஏ, ஐ குறிகளை எழுத்தின் இடப்பக்கம் கொண்டுபோய் வைப்பது ஹார்ஃப்பஸ் போன்ற எழுத்து வடிவமைப்பு நிரலின் வேலை. சப்டைட்டில் காட்ட நீங்கள் பயன்படுத்தும் லிப்ஆஸ் என்ற நிரல் தொகுப்புக்கு அது தெரியும். அப்புறம் ஏன் இப்படி? செட்டிங்ஸில் தோண்டிக்கொண்டே போனேன். மூன்றாவது பக்கத்தின் அடியில் ‘ஷேப்பிங்’ என்று ஒரு வரி கிடந்தது. அதில் நீங்கள் வைத்திருந்தது ‘சிம்பிள்’. ‘காம்ப்ளெக்ஸ்’ என்று மாற்றினேன். கொம்புகள் ஒழுங்காகத் தங்கள் இடத்துக்கு வந்துவிட்டன.

ஆக, நிரலில் ஒரு வரிகூடப் புதிதாக எழுத வேண்டியதில்லை, முன்னிருப்பை, அதாவது நீங்களே முதலில் வைத்துத் தரும் அமைப்பை, மாற்றினால் போதும். வேகத்துக்காக அப்படி வைத்திருந்தால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். விநாடிக்கு 24 முறை 80 லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளை விரிக்கும் இயந்திரத்துக்கு, சில விநாடிக்கு ஒருமுறை வரும் இரண்டு வரி எழுத்து ஒரு பாரமா? இது தமிழுக்கு மட்டுமான தலைவலியும் இல்லை. மலையாளத்திலும் வங்காளத்திலும் இடப்பக்கக் குறிகள் உண்டு, இந்தியில் குறில் இகரக் குறியும் இடப்பக்கம்தான் நிற்கும். இந்த மொழிகளில் படிப்பவர்களில் எத்தனை பேர் மூன்றாவது பக்கம் வரை தோண்டுவார்கள்? முதல் வரியிலேயே மூடிவிட்டுப் பழைய பிளேயருக்குத் திரும்பிவிடுவார்கள். நானும் திரும்பியிருப்பேன், அன்று வேறு வேலை இருந்திருந்தால்.

சின்னதாக இன்னொன்று: டச்பேடில் விரல் லேசாக உரசினாலே ஒலி ஏறி இறங்குகிறது. அதை அணைக்க வழி வையுங்கள்.

உடைந்த வரியின் ஸ்கிரீன்ஷாட்டையும் அந்த எஸ்ஆர்டி ஃபைலையும் தனியே அனுப்பியிருக்கிறேன். அடுத்த பதிப்பு வந்ததும் செட்டிங்ஸைத் தொடாமல் அதே ‘பெண்’ணைத்தான் முதலில் திறந்து பார்ப்பேன்.

இப்படிக்கு,
உங்கள் பிளேயரை இன்னும் நீக்காத ஒருவன்